எண்பது நொடி வெளிச்சம், முப்பது ஆண்டுத் தேடல்

(தேசிய அறிவியல் நாள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று பிப்ரவரி 28. 1928ஆம் ஆண்டு இதே நாளில் கல்கத்தாவில் சர் சி. வி. ராமன் தம் பெயர் தாங்கிய ஒளி விளைவைக் கண்டார். அந்த ஆய்வில் அவருக்குத் தோள் கொடுத்தவர் நம் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். ஆண்டுதோறும் இந்த நாளில் ராமனைப் பற்றிப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் நான் இன்று உங்களை இன்னொரு பிப்ரவரி 28க்கு அழைத்துப்போக வந்திருக்கிறேன்.

1997, பிப்ரவரி 28, வெள்ளிக்கிழமை. நம் கடிகாரத்தில் காலை 8 மணி 28 நிமிடம். பள்ளிகளில் அறிவியல் நாள் விழாவுக்குப் பிள்ளைகள் வரிசையில் நின்றிருப்பார்கள். அந்த நேரத்தில் பூமியின் மேல் ஒரு வெளிச்சம் வந்து விழுந்தது. எண்பது நொடி இருந்தது, அணைந்தது. ஒருவர் கண்ணுக்கும் அது தெரியவில்லை, ஏனென்றால் அது கண்ணுக்கான ஒளி அல்ல. காமாக் கதிர். அந்த வெளிச்சம் புறப்பட்டபோது பூமி பிறந்திருக்கவில்லை. சூரியனே பிறந்திருக்கவில்லை.

அது எங்கேயிருந்து வந்தது? இந்த ஒற்றைக் கேள்விதான் என் பொருள். எங்கே? முப்பது ஆண்டுகள் உலகின் மிகக் கூர்மையான மூளைகள் முட்டி மோதிய கேள்வி இது. 'என்ன' என்று கேட்டார்கள், விடை வரவில்லை. 'ஏன்' என்று கேட்டார்கள், நூற்றுக்கு மேற்பட்ட கொள்கைகள் வந்தன, ஒன்றும் நிற்கவில்லை. 'எங்கே' என்பதற்கு விடை கிடைத்த பிறகுதான் மற்ற இரண்டும் வழிக்கு வந்தன.

முதலில் இந்தக் கதிரை அறிமுகம் செய்துவிடுகிறேன். கண்ணால் காணும் ஒளியும், மருத்துவமனையில் எலும்பைப் படம் பிடிக்கும் எக்ஸ் கதிரும், காமாக் கதிரும் ஒரே குடும்பம். மூன்றும் ஒளிதான், வேறுபாடு ஆற்றலில். நீங்கள் காணும் விளக்கொளியின் ஒரு துகளைவிடக் காமாக் கதிரின் ஒரு துகளுக்குப் பல்லாயிரம் மடங்கு, சில வேளை பல லட்சம் மடங்கு ஆற்றல் உண்டு. இவ்வளவு ஆற்றல் உள்ளது தரைக்கு வந்து சேர்ந்தால் நம் கதி என்ன? அதற்குத்தான் நம் தலைக்குமேல் காற்று இருக்கிறது. வானத்திலிருந்து வரும் காமாக் கதிரைக் காற்றுமண்டலம் மேலேயே தடுத்து நிறுத்திவிடும். நமக்கு அது காப்பு. வானியலாளருக்கோ அது சாத்திய கதவு. கதவுக்கு அப்பால் போனால்தான் பார்க்க முடியும். ஆகவே துணைக்கோள் வேண்டும்.

அப்படி அப்பால் போன முதல் கண்கள் வானத்தைப் பார்க்கப் போனவை அல்ல. அவை காவலுக்குப் போனவை.

1963ஆம் ஆண்டு. காற்றிலும், கடலடியிலும், விண்வெளியிலும் அணுகுண்டுச் சோதனை செய்வதில்லை என்று அமெரிக்காவும் சோவியத் நாடும் பிரிட்டனும் ஒப்பந்தம் போட்டன. கையெழுத்துப் போட்டார்கள், நம்பிக்கை வந்ததா? வரவில்லை. சோவியத்துகள் நிலவுக்குப் பின்னால் போய் ரகசியமாக வெடித்துப் பார்த்தால் என்ன செய்வது என்று அமெரிக்கா அஞ்சியது. அதற்காக வேலா என்ற துணைக்கோள்களை இரண்டிரண்டாக அனுப்பினார்கள். ஒரு லட்சம் கிலோமீட்டருக்கும் மேலான உயரம். பூமிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அணுகுண்டு வெடித்தால் காமாக் கதிர் பாயும், பாய்ந்தால் பதிவு செய். இவ்வளவுதான் அவற்றுக்கு இட்ட வேலை.

1967 ஜூலை 2ஆம் நாள் வேலா துணைக்கோள்கள் ஒரு காமாத் துடிப்பைப் பதிவு செய்தன. அன்று யாரும் அதைக் கவனிக்கவில்லை. பதிவுத் தாள்கள் லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்குப் போயின, அடுக்கில் ஏறின. 1969இல் ரே கிளெபெசாடல், ராய் ஓல்சன் என்ற இருவர் அந்தத் தாள்களை எடுத்து, ஒரு துணைக்கோளின் பதிவையும் இன்னொன்றின் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரி வரியாகக் கையால் ஒப்பிட்டார்கள். இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரியான மேடு. அது அணுகுண்டின் சாயலில் இல்லை. குண்டின் காமாத் துடிப்பு நொடியின் மிக மிகச் சிறு பகுதிக்குள் முடிந்துவிடும். இது நொடிக்கணக்கில் நீடித்தது.

வேறு யாராவது என்றால் மறுநாளே பத்திரிகைக்குச் சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொல்லவில்லை. கடிகாரம் இன்னும் துல்லியமாக உள்ள அடுத்த வேலாக்கள் மேலே போகும்வரை காத்திருந்தார்கள். அந்தப் பொறுமையை நான் வணங்குகிறேன். 1973 ஜூன் மாதம் இயன் ஸ்ட்ராங்கும் சேர்ந்து மூவரும் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். மூன்று ஆண்டுகளில் பதினாறு வெடிப்புகள். பூமியிலிருந்து வரவில்லை, சூரியனிலிருந்தும் வரவில்லை.

இதை எப்படி அவர்களால் அடித்துச் சொல்ல முடிந்தது? காமாக் கதிரை உணரும் கருவிக்கு அன்று திசை தெரியாது. படிகத்தில் கதிர் பட்டால் சிறு மின்னல் எழும், அதை எண்ணிக்கொள்ளும். எந்தப் பக்கத்திலிருந்து பட்டது என்று அதற்குத் தெரியாது. பிறகு எப்படி?

கிராமத்தில் பிறந்தவர்களுக்கு இது புரியும். வெட்டவெளியில் மழை வருகிறது. வெள்ளைத் திரை போல நடந்து வருகிறது. கிழக்கே களத்துமேட்டில் நிற்பவன் முதலில் நனைகிறான். மேற்கே கிணற்றடியில் நிற்பவன் கொஞ்ச நேரம் கழித்து நனைகிறான். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும், யார் எத்தனை நொடி முன்னால் நனைந்தார் என்று தெரிந்தால் மழை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கணக்குப் போடலாம் அல்லவா? வேலாக்கள் செய்தது இதுதான். ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். பூமிக்கு இருபுறமும் நிற்கும் இரண்டு துணைக்கோள்களுக்கு இடையே இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி. ஒன்று நனைந்து மற்றொன்று நனைய நொடியில் ஒரு பகுதி ஆகும். அந்தப் பகுதியை அளந்தார்கள்.

ஆனால் இதில் ஒரு குறை உண்டு. இரண்டு பேரின் நேர வித்தியாசம் ஒரு திசையைத் தராது. வானத்தில் ஒரு வளையத்தைத் தரும். அந்த வளையத்தில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். மூன்றாவது துணைக்கோள் இருந்தால் இரண்டாவது வளையம் கிடைக்கும். இரண்டு வளையங்களும் இரண்டு இடங்களில் வெட்டிக்கொள்ளும். துணைக்கோள்கள் எவ்வளவு தள்ளி நிற்கின்றனவோ அவ்வளவு மெல்லியதாக வளையம் அமையும். அதனால்தான் பின்னாளில் வெள்ளிக் கோளுக்குப் போன சோவியத் கலங்களில்கூடக் காமா உணரிகளை ஏற்றி அனுப்பினார்கள். கோடிக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் நின்று அவை நேரத்தைக் குறித்தன. இடம் நன்றாகவே கிடைத்தது. எப்போது கிடைத்தது? பல கலங்களின் தரவும் ஒன்றுசேர்ந்து கணக்கு முடிவதற்குள் நாள்கள் ஓடிவிடும், சில சமயம் வாரங்கள். போய்ப் பார்த்தால் வெறும் வானம்.

தீ எரிந்த வீட்டு முகவரி, சாம்பலும் கரைந்த பிறகு தபாலில் வந்தால் என்ன பயன், சொல்லுங்கள்?

1991இல் காம்ப்டன் வானாய்வகம் மேலே போனது. இயற்பியலாளர் ஆர்தர் காம்ப்டனின் பெயர் வைத்த ஆய்வகம். எக்ஸ் கதிரில் காம்ப்டன் கண்டதைப் போன்ற ஒன்று ஒளியிலும் இருக்குமா என்ற தேடல்தான் ராமன் விளைவுக்கு வழி திறந்தவற்றுள் ஒன்று என்பதையும் இந்த நாளில் நினைத்துக்கொள்வோம். அந்த ஆய்வகத்தின் எட்டு மூலைகளிலும் எட்டுக் கருவிகள். கூட்டுப் பெயர் பேட்சி. கண்ணை மூடிக்கொண்டு அடுப்பின் பக்கத்தில் நில்லுங்கள். எந்தக் கன்னம் அதிகம் சுடுகிறதோ அந்தப் பக்கம் அடுப்பு. எட்டுக் கன்னங்கள் வைத்துக்கொண்டு பேட்சி அப்படித்தான் திசை பார்த்தது. விடை உடனே கிடைத்தது, ஆனால் தோராயமாக. சில பாகை பிழை. முழுநிலவு அரைப் பாகைதான் அகலம். ஆக, பேட்சி சுட்டிக்காட்டிய இடத்தில் பல நிலவுகளை வரிசையாக அடுக்கலாம். அத்தனை பரப்புக்குள் ஆயிரக்கணக்கான விண்மீன்கள், எண்ணற்ற மங்கிய விண்மீன் மண்டலங்கள். இதில் குற்றவாளி யார்?

இந்த நிலையைக் கவனியுங்கள். ஒரு முறையில் இடம் துல்லியம், ஆனால் காலம் கடந்துவிடும். மற்றொரு முறையில் காலம் உடனே, ஆனால் இடம் குழப்பம். துல்லியமும் விரைவும் ஒரே கையில் வேண்டும். அது இல்லை.

இருந்தாலும் பேட்சி ஒரு பெரிய உண்மையைச் சொன்னது. ஒன்பது ஆண்டுகளில் 2,704 வெடிப்புகள். வான வரைபடத்தில் புள்ளி வைத்தார்கள். நம் பால்வழி மண்டலம் தட்டையான வட்டு. வெடிப்புகள் அதற்குள் நடந்தால் புள்ளிகள் அந்தப் பட்டையில் குவிய வேண்டும். குவியவில்லை. முற்றத்தில் அரிசி இறைத்ததுபோல எல்லாப் பக்கமும் சமமாகச் சிதறிக் கிடந்தன. போலந்து நாட்டவரான போஹ்டான் பச்சின்ஸ்கி, இவை பிரபஞ்சத்தின் தொலைவிலிருந்து வருகின்றன என்று 1986 முதலே வாதாடி வந்தவர். அப்போது அவர் பக்கம் நின்றவர்கள் மிகச் சிலர். எதிர்க்கட்சிக்கும் நல்ல வாதம் இருந்தது: அவ்வளவு தொலைவிலிருந்து இவ்வளவு பிரகாசமாகத் தெரிய வேண்டுமென்றால், சூரியன் ஆயிரம் கோடி ஆண்டு ஆயுளில் கொட்டும் ஆற்றலைச் சில நொடிகளில் கொட்டியாக வேண்டும். நம்ப முடியுமா?

1995 ஏப்ரலில் வாஷிங்டனில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. 1920இல் ஷேப்லியும் கர்ட்டிஸும் பிரபஞ்சத்தின் அளவைப் பற்றி வாதிட்ட அதே அரங்கம். தொலைவு என்று பச்சின்ஸ்கி. பால்வழியைச் சூழ்ந்த ஒளிவட்டப் பகுதி என்று டான் லேம்ப். நடுவர் மார்ட்டின் ரீஸ். தீர்ப்பு? தீர்ப்பில்லை. தீர்ப்புக்குச் சாட்சி வேண்டும். சாட்சி ஒரு முகவரி. அதுதான் யாரிடமும் இல்லை.

இப்போது நம் பிப்ரவரி 28க்கு வருவோம்.

1996 ஏப்ரல் 30 அன்று இத்தாலியும் நெதர்லாந்தும் சேர்ந்து செய்த பெப்போசாக்ஸ் என்ற துணைக்கோள் மேலே போனது. இயற்பியலாளர் ஜுசெப்பே ஒக்கியாலினியை நண்பர்கள் 'பெப்போ' என்று அழைப்பார்கள். அந்தச் செல்லப் பெயர்தான் கோளுக்கு. எக்ஸ் கதிரில் வானத்தைப் படிப்பதே அதன் முதன்மையான வேலை. காமா வெடிப்பைப் பிடித்தது அதன் எந்தப் பாகம் தெரியுமா? வேறொரு கருவிக்கு வேண்டாத கதிர்களிலிருந்து காவலாகச் சுற்றி வைத்திருந்த நான்கு படிகப் பலகைகள். காவல் பலகையையே காமா வெடிப்பு உணரியாகவும் பயன்படுத்தலாம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது பாருங்கள். அந்த யோசனைதான் இந்தக் கதையைத் திருப்பியது.

அதோடு இரண்டு அகன்ற பார்வைக் கேமராக்கள், நெதர்லாந்தில் செய்தவை, எதிரெதிர்த் திசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தன. வெடிப்பு தற்செயலாக அவற்றின் பார்வைக்குள் விழுந்தால், அதன் எக்ஸ் கதிரை வைத்து இடத்தைச் சொல்லிவிடலாம். பிறகு கோளையே திருப்பி, நுணுகிப் பார்க்கும் தொலைநோக்கியை அந்த இடத்தில் வைக்கலாம். திட்டம் கேட்க எளிது. செய்வது? கோள் ஏறத்தாழ ஒன்றரை மணிநேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றும். கென்யாவின் கடற்கரையில் மலிண்டி என்ற ஊரின் நிலையத்துக்கு மேலே வரும்போதுதான் அது பேசும். அந்தத் தரவு ரோமுக்குப் போக வேண்டும். அங்கே ஆட்கள் விழித்திருந்து பிரித்துப் பார்க்க வேண்டும். புதிய கட்டளை எழுத வேண்டும். மறுபடி மலிண்டிக்காகக் காத்திருக்க வேண்டும்.

முதல் முறை தோல்வி. 1996 ஜூலையில் ஒரு வெடிப்பு கேமராவில் விழுந்திருந்தது. பழைய தரவைப் புரட்டும்போதுதான் தெரிந்தது. இரண்டாம் முறை, 1997 ஜனவரி 11. பதினாறு மணிநேரத்தில் கோளைத் திருப்பிவிட்டார்கள். வெடிப்பின் மிச்சம் என்று சொல்லும்படி ஒன்றும் பளிச்சென்று அகப்படவில்லை. மனம் தளர்ந்திருக்கலாம். தளரவில்லை. எங்கே நேரம் வீணாகிறது என்று பார்த்து இறுக்கினார்கள்.

மூன்றாம் முறை, பிப்ரவரி 28. எண்பது நொடி வெடிப்பு. கேமரா சொன்ன இடத்தின் பிழை நிலவின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு. என்ரிகோ கோஸ்டாவும் அவருடைய குழுவினரும் கோளைத் திருப்பினார்கள். எட்டு மணிநேரம். அங்கே, அதுவரை எந்த அட்டவணையிலும் இல்லாத ஓர் எக்ஸ் கதிர்ப் புள்ளி மின்னிக்கொண்டிருந்தது. மூன்று நாள் கழித்து மறுபடி பார்த்தார்கள். இருபதில் ஒரு பங்காக மங்கியிருந்தது.

மங்கிக்கொண்டிருந்தது! அந்தச் சொல்லின் பொருளை உணருங்கள். மங்குகிறது என்றால் அது சற்றுமுன் நடந்தது என்று பொருள். தணலைக் கண்டுவிட்டார்கள். முப்பது ஆண்டுகளாகத் தீயை மட்டும் கண்டவர்கள், முதன்முறையாகத் தணல் மேல் கை வைத்தார்கள். இதைப் பின்னொளி என்கிறோம்.

இடம் தெரிந்த செய்தி ஆம்ஸ்டர்டாமுக்குப் போனது. அங்கே யான் வான் பாரடைஸின் குழு. பால் குரோட், டைட்டஸ் கலாமா என்ற இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள். கேனரித் தீவுகளில் லா பால்மா மலைமேல் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கி, 4.2 மீட்டர் ஆடி. அதே நாள் நள்ளிரவு தாண்டுவதற்கு முன்பே அது அந்த இடத்தைப் படம் எடுத்துவிட்டது. மார்ச் 8 அன்று மறுபடி படம். இரண்டு படங்களையும் அருகருகே வைத்தார்கள். முதல் படத்தில் இருந்த ஒரு புள்ளி இரண்டாவதில் இல்லை.

1969இல் இரண்டு தாள்களை அருகருகே வைத்து ஒரு மேட்டைக் கண்டார்கள். 1997இல் இரண்டு படங்களை அருகருகே வைத்து ஒரு மறைவைக் கண்டார்கள். வந்ததைக் கண்டவர்கள் அவர்கள். போனதைக் கண்டவர்கள் இவர்கள். முகவரி கிடைத்துவிட்டது.

அந்த முகவரியில் ஹபிள் தொலைநோக்கி போய்ப் பார்த்தபோது, புள்ளியை ஒட்டி மங்கலான ஒரு திட்டு தெரிந்தது. தொலைதூர விண்மீன் மண்டலமா? சிலர் ஆம் என்றார்கள், சிலர் தயங்கினார்கள். தயக்கம் நீடித்தது இரண்டே மாதம். மே 8 அன்று பெப்போசாக்ஸ் இன்னொரு வெடிப்பைப் பிடித்தது. இம்முறை ஹவாயில் 10 மீட்டர் கெக் தொலைநோக்கி காத்திருந்தது. மார்க் மெட்ஸ்கர், நம் நாட்டில் பிறந்த ஸ்ரீநிவாஸ் குல்கர்ணி ஆகியோர் அடங்கிய குழு அந்தப் பின்னொளியை நிறம் நிறமாகப் பிரித்தது. மக்னீசியமும் இரும்பும் ஒளியை விழுங்கிய கறுப்புக் கோடுகள், இருக்க வேண்டிய இடத்தைவிட வெகுவாகச் சிவப்புப் பக்கம் தள்ளியிருந்தன. கணக்குப் போட்டார்கள். அந்த ஒளி ஏறத்தாழ 700 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்திருக்கிறது. பட்டிமன்றத்தின் தீர்ப்பு வந்துவிட்டது. பச்சின்ஸ்கி சொன்னதுதான் சரி.

எட்டு மணிநேரம் என்பது அன்று வெற்றி. ஆனால் தணல் ஆறும் வேகத்துக்கு எட்டு மணிநேரம் மிக அதிகம். முதல் நிமிடத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு மலிண்டியும் வேண்டாம், ரோமும் வேண்டாம், கோள் தானே முடிவெடுக்க வேண்டும் என்று துணிந்தவர் நீல் கெரல்ஸ். அவர் தலைமையில் 2004 நவம்பர் 20 அன்று போன கோளின் பெயர் ஸ்விஃப்ட். அது ஒரு பறவையின் பெயர். அந்தப் பறவை நமக்குப் புதிதா? பனந்தோப்பில் அந்தி நேரத்தில் வளைந்து வளைந்து பாய்ந்து, பறந்தபடியே பூச்சி பிடிக்குமே, பனை உழவாரன், அந்த இனம்தான். கோளும் அப்படியே. திரும்பும், பாயும், பிடிக்கும்.

அது எப்படி இடம் காண்கிறது என்பதைச் சொல்லாமல் போனால் நான் இங்கே வந்ததற்கே பொருளில்லை. காமாக் கதிரைக் கண்ணாடி வில்லையால் குவிக்க முடியாது, ஊடுருவிப் போய்விடும். குவிக்க முடியாத ஒளியை வைத்து எப்படிப் படம் எடுப்பது? நிழலை வைத்து எடுக்கலாம்.

இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருக்கிறீர்கள். தெருவில் ஒரு வண்டி வருகிறது. அதன் வெளிச்சம் பலகணி வழியாக உள்ளே விழுந்து, கம்பிகளின் நிழல் எதிர்ச் சுவரில் நகர்கிறது. வண்டியை நீங்கள் பார்க்கவில்லை. ஆனால் நிழல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை வைத்து வண்டி எங்கே வருகிறது என்று சொல்லிவிடுவீர்கள். ஸ்விஃப்ட் கோளின் கூரையில் அப்படி ஒரு பலகணி இருக்கிறது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஈயச் சில்லுகள், ஒவ்வொன்றும் 5 மில்லிமீட்டர் சதுரம். ஒரு மீட்டர் கீழே சுவர். 32,768 உணரிகள் பதித்த சுவர். காமாக் கதிர் வந்தால் ஈயம் மறைத்த இடத்தில் நிழல், இடைவெளியில் வெளிச்சம்.

இதில் ஒரு நுட்பம். நம் வீட்டுப் பலகணியில் கம்பிகள் ஒரே இடைவெளியில் இருக்கும். நிழல் ஒரு கம்பி அளவு நகர்ந்தால் பழைய நிழல் போலவே தெரியும், ஏமாந்துபோவோம். ஆகவே ஈயச் சில்லுகளை ஒழுங்கில்லாமல், கையால் இறைத்ததுபோல அடுக்கினார்கள். ஒழுங்கில்லாத கோலத்துக்கு ஒவ்வொரு திசையிலும் ஒரு தனி நிழல். எந்தத் திசையின் நிழல் இது என்று கோளின் கணிப்பொறி ஒப்பிட்டுப் பார்க்கும். ஒழுங்கின்மையைத் தெரிந்தே படைத்து, அதிலிருந்து திசையைக் கறந்தார்கள். எத்தனை அழகான சிந்தனை!

வெடிப்பு என்று தெரிந்த இருபது நொடி அளவில் இடம் தயார். அந்த இடத்துக்குத் திரும்பலாமா, சூரியன் கண்ணில் பட்டுவிடாதா, பூமி குறுக்கே நிற்கிறதா என்று கோளே பார்த்துக்கொள்ளும். பிறகு முழு உடலையும் திருப்பும். ஒன்றரை நிமிட அளவில் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி அங்கே நிற்கும். அது தரும் துல்லியம், நாலு கிலோமீட்டருக்கு அப்பால் நிற்பவரின் உள்ளங்கை அகலம். அந்த எண்கள் வேறு துணைக்கோள்கள் வழியாகத் தரைக்கு இறங்கி, அதே நிமிடத்தில் உலகம் முழுவதும் பரவும். யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. போட்டிக் குழுவுக்கும் அதே நொடியில் அதே எண். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்தில் ஹான்லேயில் இருக்கும் நம் இமாலயச் சந்திரா தொலைநோக்கி, சென்னையில் படித்த வானியற்பியலாளர் சந்திரசேகரின் பெயர் தாங்கிய தொலைநோக்கி, பின்னொளிகளைத் துரத்த முடிகிறதென்றால் அந்தத் திறந்த கைதான் காரணம்.

வேகத்தால் என்ன கிடைத்தது? ஒன்றைச் சொல்கிறேன். 2008 மார்ச் 19. ஸ்விஃப்ட் ஒரு வெடிப்பைக் கண்டு அறிவித்தது. அரைமணி நேரத்துக்குள் அதே வானப்பகுதியில், சோதி நட்சத்திரம் இருக்கும் விண்மீன் கூட்டத்தில், இரண்டாவது வெடிப்பு. முதல் செய்தியைக் கேட்டுச் சிலி நாட்டின் மலைகளில் இருந்த அகன்ற பார்வைக் கேமராக்கள் ஏற்கனவே அந்தப் பக்கம் திரும்பியிருந்தன. ஆகவே வெடிப்பின் முதல் நொடிகளே படத்தில் விழுந்தன. அது என்ன பிரகாசம் தெரியுமா? இருண்ட இடத்தில் நிற்பவர் வெறும் கண்ணால் பார்த்திருக்கலாம், ஏறத்தாழ அரை நிமிடம். 750 கோடி ஆண்டுப் பயணம் செய்த ஒளி, கருவி இல்லாமல் கண்ணுக்கு! நமக்கு அப்போது காலை 11 மணி 42 நிமிடம். பகல் வெளிச்சம் மறைத்துவிட்டது. சில மணிநேரம் முன்புதான் கொழும்பில் ஆர்தர் சி. கிளார்க் மறைந்திருந்தார். வானத்தைப் பற்றியே வாழ்நாள் முழுவதும் எழுதியவர். அவர் பெயரை இந்த வெடிப்புக்கு வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். அதிகாரபூர்வப் பெயராக அது நிலைக்கவில்லை. என் மனத்தில் நிலைத்திருக்கிறது.

முகவரிகள் சேரச் சேர 'என்ன' என்பதும் தெளிந்தது. இரண்டு நொடிக்கு மேல் நீளும் வெடிப்புகளில் பெரும்பாலானவை, மிகப் பெரிய விண்மீன் தன் மையம் இடிந்து சாகும்போது பீறிடும் தாரைகள். அதற்குக் குறைவானவை? நெடுநாள் சந்தேகம், இரண்டு நியூட்ரான் விண்மீன்களின் மோதல் என்று. 2017 ஆகஸ்ட் 17 அன்று அதற்கும் சாட்சி கிடைத்தது. அத்தகைய மோதலில் எழுந்த ஈர்ப்பலை ஒன்று பூமியைக் கடந்தது. 1.7 நொடி கழித்து ஃபெர்மி துணைக்கோளில் ஒரு சிறு காமா வெடிப்பு. ஈர்ப்பலைக் கூடங்கள் மூன்று, வேலா செய்ததைப் போலவே நேர வித்தியாசத்தைக் கொண்டு வானத்தில் ஒரு பரப்பைக் குறித்தன. பதினோரு மணிநேரத்துக்குள் சிலியில் ஒரு மீட்டர் அகல ஆடி கொண்ட சிறிய தொலைநோக்கி, 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இருந்த விண்மீன் மண்டலத்தில் புதுப் புள்ளியைக் கண்டது. மழை நனைத்த கணக்கு மறுபடியும் உதவிக்கு வந்தது பாருங்கள்.

நம் பங்கு? 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன அஸ்ட்ரோசாட் கோளிலும் ஸ்விஃப்ட் போன்ற பலகணிக் கருவி உண்டு. அதை இயக்கிய முதல் நாளே, அக்டோபர் 6 அன்று, ஒரு காமா வெடிப்பு அதில் பதிவானது. இன்று எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டிவிட்டது. தரவைப் பிரித்துப் பார்க்கும் குழுக்களில் நம் பல்கலைக்கழகங்களின் இளைஞர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். முன்வரிசையில் இருக்கும் மாணவர்களே, உங்களில் சிலராவது அந்த நாற்காலிக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை, கேட்டுவிட்டேன்.

கூட்டம் முடிய எட்டு மணி ஆகிவிடும் என்று நினைக்கிறேன். வெளியே போனதும் நேரே வண்டியை எடுக்காதீர்கள். மைதானத்தின் நடுவில், விளக்குக் கம்பத்துக்குத் தள்ளி நில்லுங்கள். தலையை உயர்த்தி, சற்று மேற்கே பாருங்கள். செம்மஞ்சள் நிறத்தில் ரோகிணி. அதற்குத் தென்கிழக்கே, உச்சிக்கு அருகே, சிவந்த திருவாதிரை. ரோகிணியிலிருந்து திருவாதிரைக்கு மனத்தில் ஒரு கோடு இழுங்கள். கோட்டில் மூன்றில் ஒரு பங்கு போங்கள். அங்கிருந்து கையை நீட்டி ஒரு விரல் அகலம் தெற்கே தள்ளுங்கள். ஒன்றும் தெரியாது, கறுப்பு வானம்தான். 1997 பிப்ரவரி 28 வெடிப்பின் இடம் அது.